சமையலறைத் தராசு: உணவுப் பழக்கத்தை மாற்றத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டிய பொருள்

உணவையும் உடலையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே செலவு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி தரும் உடற்பயிற்சிக் கூடம், புரதப் பொடி டப்பா, ஓட்ஸ், சியா விதை, ஐந்தாறு வகைச் சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய் என்று பட்டியல் நீள நீள, சில ஆயிரம் ரூபாய் கரைந்துபோகும். இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன்னால், பாத்திரக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் பரிந்துரை. வீட்டில் சமைத்து உண்ணும் குடும்பங்களில் பொருள்களின் தரம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. தட்டில் எது எவ்வளவு விழுகிறது என்பதில்தான் கோளாறு. அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை, தராசுக்குத் தெரிகிறது.

நான் பயன்படுத்துவது, எஸ்எஃப்-400 என்ற மாதிரி எண்ணுடன் பல வணிகப் பெயர்களில் விற்கப்படும் வெள்ளை நிற நெகிழித் தராசு. ஒரே அச்சில் வார்த்த அந்த உடல் எந்தப் பெயரில் வந்தாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். அதிகபட்சம் 10 கிலோ வரை எடை காட்டும். மிகச் சிறிய அளவு 1 கிராம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறு செல்கள் இரண்டில் இயங்குகிறது. அன்றாடம் பயன்படுத்தினாலும் அவை பல மாதங்கள் தாங்குகின்றன. உள்ளே இருப்பது ஓர் உலோகத் துண்டும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய உணரியும்தான்: எடை ஏறும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, உணரியின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தைச் சில்லு கிராமாகக் காட்டுகிறது. வேலை செய்யும் விதம் இவ்வளவு எளியதாக இருப்பதனால்தான் விலையும் குறைவாக இருக்கிறது.

முதன்மையான வசதி, பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கவைக்கும் டேர் பொத்தான். குக்கர் பாத்திரத்தை வைத்து அதை அழுத்தி அரிசியைக் கொட்டலாம். மறுபடி அழுத்திப் பருப்பைச் சேர்க்கலாம். தனித்தனிக் கிண்ணம் அழுக்காக வேண்டியதில்லை. எண்ணெய்க்கு இதையே தலைகீழாகச் செய்யலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய் ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, தாளிப்புக்கு ஊற்றிய பிறகு ஜாடியைத் திரும்ப வைத்தால், எவ்வளவு ஊற்றினோமோ அந்த அளவு கழித்தல் குறியுடன் திரையில் தெரியும்.

துல்லியத்தைச் சோதிக்க எடைக்கல் தேவையில்லை. 2011 முதல் 2018 வரையிலான ஆண்டு பொறித்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் 6 கிராம்; பத்து நாணயங்களை அடுக்கினால் 60 கிராம் காட்ட வேண்டும். பால் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது என்பதால், அரை லிட்டர் பால் பாக்கெட் 515 கிராமை ஒட்டி வர வேண்டும். என் தராசு நாணயச் சோதனையில் பிசகவில்லை. பால் பாக்கெட்டில் சில கிராம் முன்பின்னாகக் காட்டியது, அது பாக்கெட்டுக்குப் பாக்கெட் இருக்கும் வேறுபாடாகவும் இருக்கலாம். வீட்டுத் தேவைக்கு இதற்கு மேல் துல்லியம் வேண்டாம். இத்தகைய தராசுகளுக்கு அரசு முத்திரை கிடையாது என்பதையும், எடை போட்டு விற்பதற்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் வீட்டிலிருந்தே தின்பண்டம் செய்து விற்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. மிகச் சிறிய அளவுகளை இது சரியாகப் பிடிப்பதில்லை. உப்பையோ மிளகையோ சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தால், எண் அசையாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். பூஜ்யத்தை நிலையாக வைத்திருப்பதற்காகச் சிறு மாற்றங்களைத் தராசு தானே விழுங்கிவிடுகிறது. மொத்தமாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் ஓரளவு சரியாகக் காட்டும், ஆனாலும் 5 கிராமுக்குக் கீழே அதை நம்பிப் பயனில்லை. தொடாமல் விட்டால் ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. கீரை ஆய்ந்துகொண்டே இடையிடையே எடை போடும்போது இது எரிச்சலூட்டும், ஏனெனில் அணைந்ததும் முன்பு கழித்த பாத்திர எடையும் மறந்துபோகிறது. அலகு மாற்றும் பொத்தானில் கைபட்டு அவுன்ஸுக்குப் போய்விட்டால், 250 கிராம் அரிசிக்கு 8.8 என்று காட்டும்; தெரியாதவர் தராசு கெட்டுவிட்டதாகவே எண்ணுவார். தண்ணீர் உள்ளே இறங்குவதைத் தடுக்கும் அமைப்பு எதுவும் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிக்கும் பாத்திரத்தை நேராக மேலே வைத்தால் நெகிழித் தட்டு இளகிவிடும். செல் பெட்டியின் மூடி மெலிதானது. மலிவான செல்களைப் போட்டு மறந்துவிட்டால் அவை கசிந்து உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். மேடை சமமாக இல்லாவிட்டாலும் எண் தப்பாக வரும் என்பதால், மரப்பலகையின் மேலோ விரித்த துணியின் மேலோ வைக்காமல் கிரானைட் மேடையின்மேல் நேராக வைப்பது நல்லது.

இனி, இதை வைத்துக்கொண்டு எதை அளப்பது என்ற கேள்வி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது காட்டும் மாதிரித் தட்டு இவ்வாறு அமைகிறது: தானியங்கள் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை அல்லது இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியமும் பருப்பும் சமைக்காத நிலையில் உள்ள எடை. வயது, உழைப்பு, உடல்வாகு ஆகியவற்றுக்கு ஏற்ப இது கூடும், குறையும். இந்த நிறுவனத்தின் வேர் நம் குன்னூரில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களைத் தாக்கிய நோயை ஆராயப் பிறந்த அமைப்பு, நூறாண்டுக்குப் பிறகும் தானியத்தைக் குறைத்து மற்றவற்றைக் கூட்டுங்கள் என்று நமக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

தராசை வாங்கிய முதல் வாரத்தில் எதையும் மாற்றாமல், வழக்கமாகச் சமைப்பதை எடை மட்டும் போட்டுக் குறித்துவைக்க வேண்டும். எங்கள் வீட்டு மதியத் தட்டில் ஒருவருக்கு விழும் சோறு 400 கிராமைத் தாண்டியது. அரிசிக் கணக்கில் அது 150 கிராம். காலையில் நான்கு இட்லியும் இரவில் மூன்று தோசையும் சேர்ந்தால், தானியத்துக்கான 250 கிராம் எல்லை தாண்டிவிடுகிறது. யாரும் அளவுக்கு மீறி உண்பதாக உணரவில்லை, ஏனென்றால் மூன்று வேளையும் அரிசி வேறு வேறு உருவத்தில் வருகிறது. ஆழாக்காலும் படியாலும் அளந்த தலைமுறைக்கு அரிசியின் கணக்கு கையில் இருந்தது. குக்கருடன் வரும் கப்பால் அளக்கும் நமக்கு அந்தக் கப்பில் 150 கிராம் அரிசி பிடிக்கும் என்பதுகூடத் தெரியாது.

காய்கறியின் நிலை இதற்கு நேர்மாறானது. பொரியல் தினமும் செய்கிறோம் என்ற நிறைவில் இருக்கும் வீடுகளில், அந்தப் பொரியலை எடை போட்டுத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் 60 அல்லது 70 கிராம்தான் வரும். சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயின் தோலும் நாரும் காய்கறிக் கணக்கில் சேராது. வாழைப்பூவை மடல் நீக்கி, கள்ளன் எனப்படும் வேகாத நரம்பை எடுத்து ஆய்ந்து முடித்தால் சந்தையில் வாங்கிய எடையில் சிறு பங்குதான் மிஞ்சும். கீரைக் கட்டில் வேரும் முற்றிய தண்டும் போனால் ஏறக்குறைய பாதிதான் வாணலிக்குப் போகும். எனவே சந்தையில் ஒரு கிலோ வாங்கினோம் என்பதை வைத்துக் கணக்கிடாமல், நறுக்கிய பின் எடை போட வேண்டும். 400 கிராம் என்பது எவ்வளவு பெரிய குவியல் என்பதை ஒருமுறை தராசில் பார்த்துவிட்டால், மதியத்துக்கு ஒரு கூட்டும் ஒரு பொரியலும், இரவுக்கு ஏதேனும் ஒரு காயும் இல்லாமல் அந்த இலக்கை எட்ட முடியாது என்பது விளங்கிவிடும். வீட்டுச் சமையலில் நான் கண்ட மிகப் பெரிய பள்ளம் இதுதான். புரதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

புரதத்துக்கும் வருவோம். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம் என்றால், தலைக்கு 25 கிராம் பருப்பு, அதிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 5 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 50 கிராம். அரிசியும் தயிரும் ஓரளவு தருகின்றன என்றாலும், சாம்பாரை மட்டும் நம்பினால் இடைவெளி விழும். அந்த இடைவெளியை 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்யும் சுண்டலும், 6 கிராம் வீதம் புரதம் தரும் முட்டைகளும், 35 கிராம் நிலக்கடலையும் எளிதாக நிரப்பிவிடும். தசையை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று மேற்சொன்ன வழிகாட்டு நெறிகளே அறிவுறுத்துகின்றன. பொடி டப்பாவின் விலையில் நான்கைந்து தராசுகள் வாங்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டைகளை மட்டும் கையளவாக எடுக்கக் கூடாது. நிலக்கடலையை டப்பாவிலிருந்து நேராகக் கொறித்தால் 35 கிராம் எப்போது கடந்தது என்றே தெரியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இது பொருந்தும். புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்பதால் அதில் உள்ள வெல்லம் குறைந்துவிடாது.

எண்ணெயைத் தினமும் அளப்பது சலிப்பூட்டும் வேலை, அதற்குத் தேவையும் இல்லை. தலைக்கு நாளுக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் ஏறக்குறைய மூன்றேகால் கிலோ, அதாவது மூன்றரை லிட்டர் எண்ணெய். நெய்யும் வெண்ணெயும் இதற்குள் அடக்கம். மாதத் தொடக்கத்தில் கேனை எடை போட்டு, மாதக் கடைசியில் மறுபடி போட்டால் கணக்கு முடிந்தது. மாதம் ஐந்து லிட்டர் கேன் ஒன்று தீர்ந்துபோகும் வீட்டில், அது மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயா, கடையில் வாங்கிய சுத்திகரித்த எண்ணெயா என்பது இரண்டாம் கேள்வி. இரண்டுமே கிராமுக்கு 9 கலோரி. உப்புக்கும் இதே வழி: நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அளவு, நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியாகிவிட்டால், ஊறுகாயும் அப்பளமும் சேராமலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. சர்க்கரைக்கு 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராம் உச்சவரம்பு, 25 கிராம் இருந்தால் இன்னும் நல்லது என்று அதே அமைப்பு சொல்கிறது. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் இந்தக் கணக்குக்குள் வருபவையே. கோபுரமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை எடை போட்டுப் பார்த்தவர்கள், தம் காபியில் விழுவது எத்தனை கிராம் என்பதைக் கண்டு சற்றுத் திடுக்கிடுவார்கள்.

சிறுதானியங்களைப் பொறுத்தவரை தராசு தரும் பாடம் சுருக்கமானது. அரிசியானாலும் தினையானாலும் கம்பானாலும் கேழ்வரகானாலும், சமைக்காத 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 320 முதல் 360 கலோரிதான். கேழ்வரகில் கால்சியம் மிகுதி, தீட்டாத தினையிலும் குதிரைவாலியிலும் நார்ச்சத்து மிகுதி என்பதெல்லாம் உண்மை; ஆனால் ஆரோக்கியமான பொங்கல் என்ற துணிவில் இரண்டு மடங்கு சாப்பிட்டால் அந்த நன்மை எடை குறைப்பில் தெரியாது. தீட்டியதா, தீட்டாததா, பூச்சிமருந்து தெளித்ததா என்று தராசால் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரத்தை அறியப் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பதும், கழுவிய தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதும் தனி வேலை.

தராசைக் கலோரி கணக்கிடும் செயலிகளுடன் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் தடுக்கி விழும் இடம், சமைத்த எடைக்கும் சமைக்காத எடைக்கும் உள்ள வேறுபாடு. வெந்த சோற்றை 300 கிராம் எடை போட்டு, செயலியில் அரிசி 300 கிராம் என்று பதிந்தால் ஆயிரம் கலோரிக்கு மேல் காட்டும்; உண்மையில் அது அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, 528 உணவுப் பொருள்களைக் கொண்ட சத்து அட்டவணை சமைக்காத பொருள்களுக்கானது. எனவே சமைப்பதற்கு முன் மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, சமைத்த பிறகு பாத்திரத்தின் மொத்த எடையில் நம் பங்கு எவ்வளவு என்று வகுப்பதே சரியான முறை. குழம்பு, கூட்டு போன்றவற்றுக்கு இந்த வகுத்தல் சற்றுத் தொல்லைதான். அதற்கு மாற்று எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

உடற்பயிற்சியில் இந்தப் பொருளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன அளவு. அந்த இரண்டு நாள் பயிற்சிக்கு டம்பெல் வாங்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டில் உலர்ந்த மணலை நிரப்பி, தராசில் வைத்துச் சம எடைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், தொடக்கநிலையாளருக்கு அது போதும். மற்றொரு பயன் மனக்கணக்கைத் திருத்துவது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. 25 கிராம் வறுத்த நிலக்கடலை அதைத் திருப்பித் தந்துவிடும். நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்கா வாசலில் வடையும் காபியும் சாப்பிடுபவர்களுக்கு ஏன் எடை குறைவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நடை செய்யும் நன்மை தனி. எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடுப்பங்கரைதான்.

இந்தத் தராசு எல்லோருக்கும் உரியதன்று. உணவைக் கண்டு அஞ்சும் இயல்புடையவர்கள், ஒவ்வொரு கிராமையும் எண்ணி வருந்துபவர்கள், உண்ணாமல் இருப்பதைச் சாதனையாகக் கருதும் வயதில் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. வளரும் குழந்தைகளின் தட்டை எடை போடுவது தேவையற்ற வேலை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மாவுச்சத்தைக் கணக்கிட இது மிகவும் உதவும், ஆனால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக நோயாளிகள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. மூத்தவர்கள் சமைக்கும் வீடுகளில் வேறொரு சிக்கலும் எழும். கைப்பக்குவத்தில் சமைத்தே பழகியவரின் முன்னால் தராசை நீட்டுவது அவர் சமையலைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். அரிசி, பருப்பு, நறுக்கிய காய் ஆகிய மூன்றை மட்டும் சமையலுக்கு முன் எடுத்துவைத்துக் கொடுத்துவிட்டு, தாளிப்பிலும் பக்குவத்திலும் தலையிடாமல் இருப்பது எங்கள் வீட்டில் சண்டையின்றி நடக்கும் ஏற்பாடு.

ஆயுள் முழுவதும் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில வாரங்களில், எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு பருப்பு, எந்தக் கரண்டிக்கு எவ்வளவு சோறு என்பது கைக்குப் பழகிவிடுகிறது. அதன்பின் எடை கூடும் மாதங்களிலும், புதிய பண்டம் ஒன்று சமையலுக்கு வரும்போதும் எடுத்தால் போதும்.

வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். கைப்பேசியுடன் இணைந்து சத்து விவரம் காட்டும் தராசுகளுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கும் அளவுக்கு அவற்றில் பயன் இல்லை, ஏனெனில் எந்தப் பொருள் என்பதை நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். நகைக்கடைப் பாணியில் வரும் சிறு தராசுகள் கிராமின் நூற்றில் ஒரு பங்கைக் காட்டினாலும் அரைக் கிலோவுக்கு மேல் தாங்காது. முள் நகரும் பழைய சுருள்வில் தராசில் சிறிய அளவுகளைப் படிக்க முடியாது. எவர்சில்வர் தட்டுப் பதித்த மாதிரிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். மஞ்சள் கறை ஏறாது, துடைப்பது எளிது. தட்டின் விட்டத்தைவிடப் பெரிய பாத்திரத்தை வைத்தால் திரை மறைந்துவிடும் என்பதால், திரை தட்டிலிருந்து விலகி முன்னால் நீண்டிருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் வாங்கினால் செல் போட்டு இயக்கச் சொல்லி, கையில் உள்ள 5 ரூபாய் நாணயங்களைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் எண் மாறினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.